புள்ளியும் வண்ணமும்: கல்கத்தாவின் ஓர் அச்சுக் குடும்பம்

நிறங்களுக்குப் பெயரிடுவதில் தமிழர் கஞ்சத்தனம் காட்டியதில்லை. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை எனப் பச்சை ஒன்றையே பலவாகப் பகுத்துக் கண்டனர் நம் முன்னோர். அரக்கு, மாந்துளிர், கத்திரிப்பூ, வெங்காயச் சருகு என்று வீட்டிலும் தோட்டத்திலும் கண்ட பொருள்களெல்லாம் நம் பெண்டிரின் புடவைப் பெட்டியில் நிறங்களாகிக் குடிபுகுந்தன. பட்டு நெசவில் ஒரு நீலத்துக்கு இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரையே சூட்டி, 'எம்.எஸ். நீலம்' என்று இன்றும் வழங்கி வருகிறோம்.

ஆயின், அச்சகத்தின் வாயிலைத் தாண்டியதும் இப்பெயர்கள் யாவும் செல்லாக் காசுகளாகி விடுகின்றன. அங்கே இருப்பவை நான்கே மைகள். சையான் எனப்படும் வெளிர்நீலம், மெஜந்தா எனப்படும் ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. உலகின் நிறம் அனைத்தும் இந்நான்கினுள் அடங்கியாக வேண்டும். அடங்காத நிறம் என்ன ஆகும் என்பதை நம் மலர்க்குழுவினர் ஒருமுறை தலைகுனிந்து கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது அது. சங்கத்துக்கு நெடுநாள் தொண்டாற்றி மறைந்த மூதாட்டி ஒருவரின் ஒளிப்படத்தை, அவ்வாண்டு மலரில் ஒரு முழுப் பக்கத்துக்கு வண்ணத்தில் வெளியிட எண்ணினோம். மயில்கழுத்து நிறப் பட்டுடுத்தி, நவராத்திரிக் கொலுவின் முன்னே அவர் அமர்ந்திருந்த படம். கணினித் திரையில் கண்டபோது அந்தப் பட்டு உயிர்த்துடிப்போடு மின்னியது. குடும்பத்தாருக்கும் கைப்பேசியில் அனுப்பி இசைவு பெற்றோம். அச்சாகி வந்த பக்கத்திலோ பட்டு வாடிய கத்திரிக்காயின் தோல் நிறம் பெற்றிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. படத்தின் கீழிருந்த பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் அருகே நீலமும் சிவப்புமாக நிழல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

வெளியீட்டு விழாவன்று அம்மையாரின் மகள் அப்பக்கத்தைப் பார்த்தார், மூடி வைத்தார். ஒரு சொல்லும் கூறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மஞ்சள் பையோடு சங்கத்துக்கு வந்து, அதனுள்ளிருந்த பட்டுப் புடவையை எடுத்து மேசையில் விரித்தார். "இதுதான் ஐயா எங்கள் அம்மாவின் புடவை" என்றார். அவ்வளவே. திட்டியிருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிழை யாருடையது? நீங்கள் கொடுத்ததையே அச்சிட்டோம் என்றனர் அச்சகத்தார். திரையில் சரியாகத்தானே இருந்தது என்றார் பக்கம் அமைத்த நம் இளைஞர். இருவர் கூற்றும் மெய்யே. இரு மெய்களுக்கும் இடையே ஒரு படம் பாழாயிற்று என்பதும் மெய்யே. இதன் காரணத்தைத் தேடப் புகுந்தபோதுதான், நாம் பிழைக்க வந்து வேரூன்றிய இதே நகரில், நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்பே ஒருவர் இத்தகைய மனக்குறையால் உந்தப்பட்டு, அதற்காகவே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார் என்னும் செய்தியின் முழுப்பொருளும் எமக்கு விளங்கிற்று.

அவர்தாம் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. திரைப்பட மேதை சத்யஜித் ராயின் பாட்டனார் என்றால் நம் பிள்ளைகள் உடனே அறிந்துகொள்வர். பாட்டனாரின் பெருமைக்குப் பேரனின் பெயர் தேவைப்படுவது காலத்தின் கோலம். இன்றைய வங்கதேசத்தில் உள்ள மசூயா என்னும் ஊரில் 1863இல் பிறந்தவர் உபேந்திரகிஷோர். ஓவியம் வல்லவர், வயலின் வாசிப்பதில் தேர்ந்தவர், சிறுவர்க்கு எழுதுவதில் தனக்கென ஒரு நடை கண்டவர். அவர் சிறுவர்களுக்கென இராமாயணத்தை எழுதி, அதற்குத் தாமே படங்களும் வரைந்தார். அந்நாளைய வழக்கப்படி அப்படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டனர். நூல் கைக்கு வந்தபோது தாம் வரைந்த படங்களை அவரால் அடையாளம் காண இயலாத அளவுக்கு அவை சிதைந்திருந்தன. மென்மையான நிழல்களெல்லாம் செதுக்குளியின் முரட்டுக் கோடுகளாக மாறிவிட்டன.

நம்மில் பலர் அந்நிலையில் அச்சகத்தை மாற்றுவோம். உபேந்திரகிஷோர் தொழிலையே கற்கத் துணிந்தார். இங்கிலாந்திலிருந்து நூல்களையும், இலண்டன் பென்ரோஸ் நிறுவனத்திலிருந்து கேமராவும் பிற கருவிகளும் வரவழைத்து, 1895இல் இந்நகரில் ஒரு பிளாக் தயாரிப்புக் கூடத்தை நிறுவினார். கற்பிக்க ஆசான் எவரும் இலர். நூலும் கருவியும் தம் கணித அறிவுமே துணையாக நின்றன.

அதற்கு முன் இந்நகரில் வண்ணப்படங்களே இல்லை என எண்ணுதல் தவறு. காளிகாட்டுப் பட்டுவாக்கள் தூரிகையால் தீட்டிய படங்கள் கோயிலுக்கு வந்தோரின் கைகளில் ஏறி ஊரூராகச் சென்றன. பட்டாலா பகுதியின் அச்சகங்கள் மரக்கட்டைப் படங்களை அச்சிட, அவற்றில் கையால் வண்ணம் பூசுவோரும் இருந்தனர். 1878இல் தோன்றிய கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோ, கல்லச்சின் வழியே தெய்வப் படங்களைப் பல வண்ணங்களில் வெளியிட்டது. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல் வேண்டும். எந்த நிறம் எந்தக் கல்லில் எவ்வளவு என்பதைக் கைவினைஞர் தம் கண்ணால் அளந்து தாமே வரைந்தாக வேண்டும். ஆகவே அச்சில் வருவது அக்கைவினைஞரின் ஓவியமேயன்றி மூல ஓவியரின் ஓவியம் அன்று. மூலத்தை அப்படியே ஒளியைக் கொண்டு அச்சுக்கு மாற்ற முடியுமா என்பதே உபேந்திரகிஷோர் எடுத்துக்கொண்ட வினா.

இதன் அடிப்படைச் சிக்கலை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். அச்சு இயந்திரம் ஓவியரைப் போல மையைத் தடிப்பாகவும் மெலிதாகவும் பூச அறியாது. ஓரிடத்தில் மை உண்டு, அல்லது இல்லை. அதற்கு அவ்வளவே தெரியும். அப்படியாயின் சாம்பல் நிறத்தை எங்ஙனம் அச்சிடுவது? புள்ளிகளால்தான். கரிய இடத்தில் பெரும்புள்ளி, வெளிறிய இடத்தில் சிறுபுள்ளி. தொலைவிலிருந்து நோக்கும் கண் அப்புள்ளிகளையும் இடையிலுள்ள வெண்தாளையும் ஒன்றாகக் கலந்து சாம்பலாகக் காணும். இதுவே ஹாஃப்டோன் முறை. படத்தைப் புள்ளிகளாக உடைப்பதற்கு, நுண்ணிய கோடுகள் கீறிய இரு கண்ணாடித் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தி, கேமராவினுள் ஒளித்தகட்டுக்குச் சற்று முன்னே நிறுத்துவர்.

நெசவறிந்த நம்மவர்க்கு இது புதிதன்று. பாவும் ஊடையும் போலவே அக்கோடுகள் குறுக்கிடுகின்றன. மயில்கழுத்துப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் மற்றொரு நிறம். நீலமும் பச்சையும் தனித்தனி இழைகளாகவே கிடக்கின்றன. மயில்கழுத்து என்னும் நிறத்தில் அப்புடவையில் ஓர் இழையும் இல்லை. அது கண்ணில் பிறக்கும் நிறம். நம் நெசவாளர் பட்டிழையில் செய்ததை ஐரோப்பியர் மைப்புள்ளியில் செய்தனர் என்று பெருமை பேசலாம்தான். ஆனால் தொழில்நுட்பப் பெருமையை அவ்வளவு மலிவாக வாங்கிவிட முடியாது.

அந்தத் திரைக்கண்ணாடியை ஒளித்தகட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பது அக்காலத்தில் பெரிதும் கைப்பழக்கத்தையும் ஊகத்தையும் நம்பியே நடந்தது. உபேந்திரகிஷோர் அதனைக் கணக்கால் அணுகினார். திரையின் ஒவ்வொரு நுண்சாளரமும் ஓர் ஊசித்துளைக் கேமராவைப் போலச் செயல்பட்டு, வில்லையின் திறப்பைத் தகட்டின்மேல் சிறு உருவாக வீழ்த்துகிறது. அப்படியாயின் புள்ளியின் அளவும் வடிவும் திறப்பின் வடிவாலும் திரையின் தொலைவாலும் நிர்ணயிக்கப்படும். இவ்வகையில் அவர் கண்ட முடிவுகளை, இலண்டனிலிருந்து வெளிவந்த பென்ரோஸ் ஆண்டு மலரில் 1897 முதல் 1912 வரை கட்டுரைகளாக எழுதினார். உலகின் அச்சுத் தொழிலறிஞர்கள் படித்த மலர் அது. கல்கத்தாவின் ஒரு சந்திலிருந்து எழுதிய இந்தியரின் கணக்கை இலண்டன் வல்லுநர்கள் படித்தனர் என்பது அடிமைப்பட்டிருந்த நாட்டில் சிறிய செய்தியா?

கறுப்பு வெள்ளையோடு அவர் நின்றாரல்லர். மூன்று வண்ண அச்சு அப்போதுதான் வளர்ந்து வந்தது. எந்த நிறத்தையும் செம்மை, பசுமை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளாகப் பிரித்து மீண்டும் கூட்டலாம் என்பதை இயற்பியலறிஞர் மாக்ஸ்வெல் 1861இல் ஒரு வண்ண நாடாவின் படத்தைக் கொண்டு காட்டியிருந்தார். அச்சில் இது தலைகீழாகும். செவ்வடிகட்டியின் வழியே எடுத்த படத்திலிருந்து சையான் மைக்குரிய பிளாக். பச்சை வடிகட்டியின் வழியே மெஜந்தாவுக்குரியது. நீல வடிகட்டியின் வழியே மஞ்சளுக்குரியது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மயிரிழையும் பிசகாமல் அச்சிட்டால் வண்ணப்படம் எழும். ஏட்டில் எளிதாக இருப்பது இது. மெய்யான மைகள் தூய்மையானவை அல்ல. மெஜந்தா மை தனக்குரிய பச்சையொளியை மட்டுமன்றி நீலத்திலும் ஒரு பங்கை விழுங்கிவிடும். சையான் மையும் அவ்வாறே தனக்கு உரிமையில்லாததைச் சிறிது கவரும். ஆகவே கேமரா தந்த பிளாக்குகளை அப்படியே அச்சிட்டால் நீலம் ஊதாவாகும், பச்சை அழுக்காகும். அதனைத் திருத்துவதற்குத் தகட்டில் சில இடங்களைக் காத்தும் சில இடங்களை மீண்டும் அமிலத்தில் அரித்தும் கைவினைஞர் பணியாற்ற வேண்டும். அம்மையாரின் புடவை கத்திரிக்காய் நிறமானதன் விதை இங்கேதான் இருக்கிறது என்பதைக் கருத்தில் கொள்க.

இராமானந்த சட்டர்ஜி நடத்திய 'பிரவாசி', 'மாடர்ன் ரிவ்யூ' ஆகிய இதழ்களில் வெளியான வண்ண ஓவியங்களுக்கு உபேந்திரகிஷோரின் கூடம் பிளாக்குகள் செய்தளித்தது. அவனீந்திரநாத தாகூரின் ஓவியங்கள் நீரில் கரைந்தாற்போன்ற மெல்லிய வண்ணங்கள் கொண்டவை. எங்கே ஒரு நிறம் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று கண்ணுக்கே தெரியாது. அத்தகைய ஓவியத்தைப் புள்ளிகளாக்கி, அதன் மென்மையைக் காப்பது ஒரு தவம். புதிய வங்க ஓவியமரபை நாடெங்கும் பரப்பியவர் யார் எனக் கேட்டால் ஓவியர் பெயர்களையே கூறுவர். பிளாக் செய்தவர் பெயரையும் சேர்த்துக் கூறுவதே நன்றியாகும். மூல ஓவியங்களை நேரில் கண்டவர் சிலர். இதழ்களின் வழியே கண்டவரே மிகப் பலர்.

திரைகள் குறுக்கிடும் கோணத்தைப் பற்றியும் உபேந்திரகிஷோர் ஆராய்ந்தார். அறுபது பாகைத் திரை என்பது அவருடைய பென்ரோஸ் கட்டுரைகளுள் ஒன்றன் பொருள். கோணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர், இன்றிரவு தம் கொசுவலையை இரண்டாக மடித்து விளக்கின் எதிரே பிடித்துப் பார்க்கலாம். (வங்காளத்தில் கொசுவலை இல்லாத தமிழ் வீடு உண்டோ?) இரு வலைகளும் சற்றே பிசகிக் கிடக்கும்போது, எவ்வலையிலும் இல்லாத அலையலையான கோலமொன்று தோன்றும். இரண்டு புள்ளித் திரைகள் பொருந்தாக் கோணத்தில் மேற்படிந்தாலும் அச்சில் அதே அலை எழும். அதனைத் தவிர்க்கவே இன்றும் நான்கு வண்ண அச்சில் சையான், மெஜந்தா, கறுப்பு ஆகிய மூன்றின் புள்ளி வரிசைகளையும் முப்பது முப்பது பாகை இடைவெளியில் சாய்த்து வைக்கின்றனர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத மஞ்சளுக்கு மட்டும் நெருக்கமான இடம் போதும்.

தந்தையின் வழியில் மகனும் வந்தார். சுகுமார் ராய், பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் பயின்றவர். 1911இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். இலண்டனில் ஒளிச்செதுக்கும் கல்லச்சும் கற்பித்த பள்ளியிலும், பின் மான்செஸ்டர் தொழில்நுட்பப் பள்ளியிலும் பயின்று 1913இல் திரும்பினார். அவரும் பென்ரோஸ் மலரில் எழுதினார். அவற்றுள் ஒரு கட்டுரையின் தலைப்பைத் தமிழில் 'மூலத்தைத் தரப்படுத்தல்' எனலாம். அத்தலைப்பைக் கண்டபோது எமக்கு மெய்சிலிர்த்தது. அச்சில் ஏறும் முன்பே, அச்சுக்குக் கொடுக்கும் மூலத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என்னும் சிந்தனை அது. கணினியில் அமைத்த பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்புமுன் நாம் செய்ய வேண்டியதும், அந்த ஆண்டு செய்யத் தவறியதும் அதுவே.

1913இல் உபேந்திரகிஷோர் சிறுவர்க்கென 'சந்தேஷ்' என்னும் இதழைத் தொடங்கினார். சந்தேஷ் என்பது வங்காளத்தின் இனிப்புக்கும் பெயர், செய்திக்கும் பெயர். எழுத்தும் படமும் பிளாக்கும் குடும்பத்திலேயே உருவாயின. கார்பார் சாலை 100ஆம் எண்ணில் அச்சகமும் வாழ்விடமும் ஒருங்கே அமைந்த இல்லத்தையும் அவர் எழுப்பினார். அதில் நெடுநாள் வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1915 டிசம்பரில் காலமானார். பொறுப்பேற்ற சுகுமாரையும் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் பற்றியது. படுக்கையில் கிடந்தபடியே தம் 'ஆபோல் தாபோல்' நூலுக்கு அட்டையும் பக்க அமைப்பும் செய்து முடித்தார். 1923 செப்டம்பர் 10ஆம் நாள், முப்பத்தைந்து வயதில், மறைந்தார். ஒன்பது நாள் கழித்து நூல் வெளிவந்தது. எத்தனையோ நூல்களுக்கு வண்ணம் அமைத்துத் தந்த கூடத்தின் தலைவர் தம் நூலின் அச்சுப்படியைக் கண்ணால் காணவில்லை.

சில ஆண்டுகளில் தொழில் நொடித்து, யூ. ராய் அண்ட் சன்ஸ் கைமாறிற்று. இல்லமும் போயிற்று, பிற்காலத்தில் அது பள்ளிக்கூடமாயிற்று. அவ்வீட்டில் 1921இல் பிறந்த சத்யஜித், தம் இளமை நினைவுகளில் அந்த அச்சகத்தை எழுதியிருக்கிறார். டர்பன்டைன் நெடி மூக்கில் பட்டால் அப்பிளாக் கூடம் தம் கண்முன் தோன்றும் என்கிறார். பெரிய கேமராவை இயக்கிய ராம்தகின் என்னும் பீகார்க்காரர், குழந்தை சத்யஜித்தைத் தூக்கிப் பிடித்துக் கண்ணாடியில் தலைகீழாக விழும் படத்தைக் காட்டுவாராம். குழந்தை கிறுக்கிய தாளைச் சந்தேஷில் அச்சிடுவதற்கென்று வாங்கியும் வைத்துக்கொள்வாராம். பிழைப்புக்காக இந்நகருக்கு வந்த வெளியூர்த் தொழிலாளி ஒருவர் அந்நினைவில் இடம்பெற்றிருப்பது, நம் போன்றோர்க்கு ஒரு தனி நிறைவு. 1961இல் சத்யஜித் சந்தேஷ் இதழை மீண்டும் உயிர்ப்பித்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். ராய் குடும்பத்தின் விளக்கு மங்கிக்கொண்டிருந்த அதே 1920-களின் தொடக்கத்தில், சிவகாசியிலிருந்து ஐய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் தீப்பெட்டித் தொழில் கற்கும் நோக்குடன் இந்நகருக்கு வந்தனர். கற்றுத் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சகம் வேண்டும். முதலில் கல்லச்சு வந்தது. பின்னர் ஆப்செட் வந்தது. அப்பால் கொண்டையராஜு போன்ற ஓவியர்கள் தீட்டிய தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாகி நாடெங்கும் சென்றன. நம் தாய்மார் தெற்குக் கல்கத்தாவின் வாடகை அறைகளில் பூசையிடமாக மாட்டி வைத்த முருகனும் இலட்சுமியும் சிவகாசி அச்சில் வந்தவர்களே. கல்கத்தாவில் கற்ற தொழில் சுற்றி வளைத்து வண்ணமாகக் கல்கத்தாவுக்கே திரும்பி வந்தது.

ஆப்செட் என்பது ஒரு தற்செயலின் குழந்தை. 1904ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் என்பவரின் கல்லச்சு இயந்திரத்தில் தாள் ஒன்று செல்லத் தவறவே, படம் ரப்பர் உருளையில் பதிந்துவிட்டது. அடுத்த தாளின் பின்புறத்தில் ரப்பரிலிருந்து ஏறிய படம் தகட்டிலிருந்து ஏறியதைவிடத் தெளிவாக இருந்ததாம். அன்று முதல் தகட்டிலிருந்து ரப்பருக்கும் ரப்பரிலிருந்து தாளுக்கும் மை செல்கிறது. தகட்டில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. நீரும் எண்ணெயும் ஒட்டா என்னும் ஒரே உண்மையின்மேல் அது இயங்குகிறது. ராய்கள் மேடாகச் செதுக்கிய பிளாக்கில் அச்சிட்டவர்கள். ஆயின் புள்ளியின் இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றே.

இப்போது திரைக்கும் தாளுக்கும் உள்ள வேற்றுமையைக் காண்போம். கணினித் திரை தானே ஒளிர்கிறது. செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது; கூட்டக் கூட்ட வெண்மையை நெருங்குகிறது. தாளோ தன் மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தரும். மை அதில் ஒரு பங்கை விழுங்கும். மை கூடக் கூட இருள்தான் மிகும். முன்னது கொடுத்துப் பெருகுவது. பின்னது கழித்து எஞ்சுவது. ஆகவே திரையில் ஒளிரும் கிளிப்பச்சையும் மயில்நீலமும் நான்கு மைகளின் எல்லைக்கு அப்பால் நிற்பவை. எத்துணை திறமையான அச்சகமும் அவற்றை அப்படியே தரவியலாது.

மயிலின் கழுத்தே இவ்வகையில் ஒரு வியப்பு. அங்கே நீலச் சாயம் எதுவும் இல்லை. இறகின் நுண்ணமைப்பில் ஒளியலைகள் மோதிக் கூடுவதால் தோன்றும் நிறம் அது. நம் திருச்சிராப்பள்ளிச் சீமையில் பிறந்து, 1907இல் கணக்குத் துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்து, பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் மாலைப்பொழுதுகளைக் கழித்த சர் சி.வி. இராமன், 1921இல் கடற்பயணத்தின்போது கடலின் நீலத்தைக் கண்டு எழுப்பிய கேள்வியே 1928ஆம் ஆண்டின் பெருங்கண்டுபிடிப்புக்கு வழி காட்டியது. பறவை இறகுகளின் நிறத்தையும் அவர் பின்னாளில் ஆராய்ந்தார். கார்பார் சாலைக்கும் பௌபஜாருக்கும் நெடுந்தூரமில்லை. ஒரே காலத்தில் ஒரு வங்காளிக் குடும்பம் நிறத்தைத் தாளில் இறக்கவும், ஒரு தமிழர் அது எங்கிருந்து பிறக்கிறது என்று காணவும் முயன்ற நகரில்தான் நாம் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கிறோம்!

திரை நிறங்களை மை நிறங்களாக மாற்றும் வேலை எப்படியும் எங்கோ ஓரிடத்தில் நடந்தே தீரும். யார் கண்காணிப்பில் நடக்கிறது என்பதே கேள்வி. அவ்வாண்டு நாம் அனுப்பிய பக்கம் திரைக்குரிய மூவொளி எண்களோடு சென்றது. அச்சகத்துக் கணினி அதனைத் தன்போக்கில் நான்கு மையாக மாற்றிவிட்டது. அந்த மை எந்தத் தாளில் விழப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. வழவழப்பான ஆர்ட் தாளில் புள்ளி தன் அளவில் நிற்கும். சொரசொரப்பான தாளில் மை ஊறிப் புள்ளி பருக்கும். திரையில் மென்னிழலாக இருந்தது சாதாரணத் தாளில் கருமையாவது இதனாலேயே. 1993இல் சில கணினி நிறுவனங்கள் கூடி அமைத்த பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு இதற்கொரு வழி கண்டது. ஒவ்வொரு திரைக்கும், ஒவ்வோர் அச்சு முறைக்கும், தாளுக்கும் அதன் நிறத்திறனை அளந்து எழுதிய ஒரு 'புரொஃபைல்' இருக்கும். ஓர் ஊர் நிலவளவையை மற்றோர் ஊர் அளவையாக மாற்றும் வாய்பாடு போன்றது அது. அச்சகத்தாரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை அன்று. உங்கள் தாளுக்குரிய புரொஃபைல் எது என்பதே. நாம் அவ்வாண்டு விலையை மட்டுமே கேட்டோம்.

எழுத்துகளுக்கு நிழல் ஒட்டிய கதையும் இதோடு சேர்ந்ததே. திரையின் கறுப்பை மாற்றும்போது அது நான்கு மைகளிலும் பங்கிட்டு எழுதப்பட்டுவிட்டது. நான்கு தகடுகளும் அணுவளவு பிசகாமல் பொருந்தினால்தான் அவ்வெழுத்து தெளியும். ஆங்கில எழுத்தாவது ஓரளவு பொறுக்கும். ஞகரத்தின் சுழியும் ணகரத்தின் கண்களும் பிசகைப் பொறுக்குமா? அதுவும் வங்காளத்து மழைக்காலத்தில், பூசை மலர்கள் யாவும் அச்சேறும் அந்நாள்களில், தாள் ஈரங்குடித்து விரியும். முதல் மைக்கும் நான்காம் மைக்கும் இடையே தாளே வளர்ந்திருக்கும். தமிழ் எழுத்தைக் கறுப்பு ஒன்றில் மட்டும் அச்சிட வேண்டும் என்பதை இப்போது எம் குழுவில் அனைவரும் அறிவர். நான்கு மைகளும் ஒரே இடத்தில் மொத்தமாகக் குவிந்தால் மை உலராமல் அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும். நூறு நூறாக நானூறு விழுக்காடு ஏறக்கூடிய இடத்தில், நல்ல ஆர்ட் தாளுக்கு ஏறத்தாழ முந்நூறும் செய்தித்தாளுக்கு அதனினும் மிகக் குறைவுமே எல்லை.

அம்மையாரின் பக்கத்தை அடுத்த மலரில் மீண்டும் வெளியிடுவதென முடிவு செய்தோம். இம்முறை கைப்பேசியில் வந்த, சுருங்கி நைந்த படத்தை ஏற்கவில்லை. குடும்பத்தாரிடமிருந்து மூலப்படத்தையே பெற்று, அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளிகள் தாங்குமாறு வருடி எடுத்தோம். அச்சகத்தின் புரொஃபைலைப் பெற்று மாற்றத்தை நம் கண்முன்னே நிகழ்த்தினோம். முதலில் முகம். மாநிறத் தமிழ் முகத்தில் மஞ்சளும் மெஜந்தாவும் ஏறத்தாழ ஒத்து, மஞ்சள் சற்றே மிகுந்து நிற்க வேண்டும். சையான் வரம்பு மீறினால்தான் முகம் சாம்பல் பூக்கிறது. பின்னர்ப் பட்டு. அது எல்லைக்கு அப்பாற்பட்ட நிறமாதலின் முழுமையாக வாராது என்பதை ஒப்புக்கொண்டு, சுற்றியுள்ள கொலுப் பொம்மைகளின் பகட்டைச் சிறிது அடக்கினோம். புடவை தானே மேலெழுந்து தோன்றிற்று.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. மைக்குள் அடக்கும்போது மயில்கழுத்து ஒன்று நீலத்தின் பக்கம் சாய வேண்டும், அல்லது பச்சையின் பக்கம் சாய வேண்டும். இதனைக் கணினியால் தீர்க்கவியலாது. மூன்று வண்ண மெய்ப்புகள் எடுத்து, அம்மையாரின் மக்கள் இருவரையும் சங்கத்துக்கு அழைத்தோம். குழல்விளக்கை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சம் வரும் சாளரத்தருகே மெய்ப்புகளைப் பரப்பினோம். மகள் மீண்டும் அந்த மஞ்சள் பையைக் கொண்டுவந்திருந்தார். அம்மா நீலம் என்றுதான் சொல்வார் என்றார் மூத்த மகன். இல்லை, கடைக்காரரிடம் பச்சை என்று கேட்டே வாங்கினார், நான் உடனிருந்தேன் என்றார் மகள். புடவையின் மடிப்பைச் சாளரத்தருகே இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தனர். அது ஒருபுறம் நீலமாயும் மறுபுறம் பச்சையாயும் தோன்றி, இருவர் சொல்லையும் மெய்யாக்கியது. நெடுநேரங்கழித்து மகன் மூன்றாம் தாளை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தார். அவர் அதன் ஓரத்தில் கையொப்பமிட்டுத் தந்தார். அத்தாள் இன்றும் சங்கத்து அலமாரியில் இருக்கிறது. பச்சையின் பக்கம் சற்றே சாய்ந்த மெய்ப்பு அது.